முக்கால் அங்குலம்

அன்புள்ள நெட்டைக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். அங்கே நீ நலமா என்று இத்தனை நாளும் வழக்கத்துக்காக எழுதிவந்தேன், இந்த முறை பதில் வேண்டும் என்றே கேட்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, படியேறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. உன் தம்பிக்கு ஆஸ்பத்திரி லேபில் காலை ஷிப்ட் போட்டிருக்கிறார்கள், அதனால் ஒரு வேளையாவது மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுகிறோம். சேதி இவ்வளவுதான். மீதியை எழுத உட்கார்ந்து நாலு நாளாகிறது, கை ஓடவில்லை.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடைக்கு ஒருவர் வந்தார், பேன்ட்டின் இடுப்பைக் கொஞ்சம் பிடித்துத் தரவேண்டும் என்று. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சுவரில் மாட்டியிருக்கும் உன் போட்டோவை, அதுதான் விமானத்து ஏணியில் ஒரு காலை வைத்து நிற்கிறாயே அதை, வெகு நேரம் பார்த்தார். யார் என்று கேட்டார். என் மகள், போர் விமானம் ஓட்டுகிறாள், ஏழு வருஷமாகிறது என்று நானும் வழக்கம்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். அவரும் விமானப்படையில் முப்பது வருஷம் மெக்கானிக்காக இருந்தவராம். விமானி உட்காரும் இருக்கைதான் அவர் வேலை. விமானம் இனித் தேறாது என்றால் விமானி ஒரு பிடியை இழுக்க, அடியிலிருக்கும் ராக்கெட் ஆளை இருக்கையோடு வெளியே தூக்கி எறியுமாமே, பிறகு பாராசூட் விரியுமாமே, அந்த இருக்கை. நான் பாட்டுக்கு ஒரு சட்டையின் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "எங்க சீட்டு ஆளைக் காப்பாத்திடும் சார், ஆனா தூக்குற வேகத்துல முதுகெலும்பு அமுங்கிடும். உயிரோட இறங்கினவங்க நிறையப் பேர் கொஞ்சம் குட்டையாத்தான் இறங்குவாங்க, அரை அங்குலம், முக்கால் அங்குலம்" என்றார். கால் நீளம் அப்படியேதான் இருக்குமா என்று கேட்டேன். "காலுக்கு ஒண்ணும் ஆகாது, முதுகுதான்" என்றார். ஊசி என் விரலில் ஏறியதுகூட எனக்குத் தெரியவில்லை, ரத்தம் வருகிறது என்று அவர்தான் காட்டினார்.

இரண்டு மாதத்துக்கு முன் நீ லீவில் வந்தாய். யூனிட் விருந்துக்கு ஒரு கோட் வேண்டும் என்றாய். அளவு நோட்டில் உன் பக்கம் உனக்கே தெரியும், பள்ளிக்கூட யூனிபார்மிலிருந்து அதில் இருக்கிறது. பின்கழுத்திலிருந்து இடுப்பு வரை பதினாறரை. படையில் சேர்ந்த நாளிலிருந்து அது மாறவே இல்லை. அன்றைக்கு டேப் பதினைந்தே முக்கால் காட்டியது. மூன்று தடவை எடுத்தேன், மூன்று தடவையும் அதேதான். கால் நீளம் மட்டும் நோட்டில் இருந்தபடி இம்மி பிசகாமல் இருந்தது. அப்போது நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "அப்பா, உங்களுக்குக் கண்ணாடி மாத்தணும்பா" என்று சிரித்தாய். மறுநாளே கையைப் பிடித்துக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனாய். பழைய கண்ணாடியே சரியாகத்தான் இருக்கிறது என்று கடைக்காரர் சொல்லியும் கேட்காமல் புதிதாக ஒன்றை வாங்கி என் மூக்கில் மாட்டிவிட்டாய். நானும் நம்பினேன். முப்பத்தோரு வருஷம் டேப் பிடித்தவன், சரி, நமக்கும் வயசாகிவிட்டது என்று நம்பினேன். நோட்டில் இருந்த பழைய அளவுக்கே கோட்டை வெட்டித் தைத்து அனுப்பினேன். கச்சிதமாக இருக்கிறது என்று போனில் சொன்னாய். நீ அனுப்பிய போட்டோவில் இடுப்புப் பட்டன் இடுப்புக்குக் கீழே உட்கார்ந்திருந்தது, காலர் கழுத்தைவிட்டு எழும்பி நின்றது. போட்டோ எடுத்தவனுக்குக் கோணம் தெரியவில்லை என்று அவனைத் திட்டினேன். காலைச் சரியாக அளந்த கண் முதுகில் மட்டும் எப்படித் தப்பும் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

நோட்டைத் திறந்து அந்த மனிதரிடம் காட்டினேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "நடுவுல கொஞ்ச நாள் பறக்காம இருந்தாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். இருந்தாயே. மாதக்கணக்கில் ஆபீஸ் வேலை, ஃபைலைப் பார்த்துப் பார்த்துத் தலை வலிக்கிறது என்றாயே. அதற்கு முன்னால் பதினோரு நாள் போனே இல்லை, பயிற்சிக்கு வந்த இடத்தில் சிக்னல் கிடைக்கவில்லை என்று ஒரே ஒரு மெசேஜ் மட்டும் வந்தது. லீவில் வந்தபோதும் சோபா பக்கமே போகாமல் மர நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாய், கட்டிலை விட்டுவிட்டுத் தரையில் படுத்தாய். வாசலில் பெட்டியைத் தூக்காமல் தம்பியைக் கூப்பிட்டாய். ஆபீசரம்மாவுக்குப் பெட்டி தூக்கவும் ஆள் வேண்டுமா என்று நான் கேலி செய்தேன், நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்திருக்கவே கூடாது.

போகும்போது அவர், "நானா எதையும் சொன்னதா வச்சுக்காதீங்க, பொண்ணு வாயால கேளுங்க" என்றார். அன்றிலிருந்து நான் நானாக இல்லை. மறுநாள் பேங்க் மேனேஜர் பேன்ட்டை முக்கால் அங்குலம் குறைத்து வெட்டிவிட்டேன், அடுத்தவர் துணியை இத்தனை வருஷத்தில் நான் வீணாக்கியதே இல்லை. நீ விமானம் ஏறிய நாளிலிருந்து தினமும் பயந்தவன்தான் நான். ஆனால் அந்தப் பயத்திலெல்லாம் நீ விமானத்துக்குள்ளே உட்கார்ந்திருந்தாய். இப்போது கண்ணை மூடினால் விமானம் இல்லாமல் நீ மட்டும் மேலே இருக்கிறாய். அரை நொடி தயங்கினால் அவ்வளவுதான் என்று அவர் சொன்னார். அதற்குள் பிடியை இழுத்தாயே, அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. அடுத்த நிமிஷமே, இவ்வளவு பெரிய விஷயத்தை மறைத்துவிட்டு என்னைக் கண்ணாடிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாளே என்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது. அங்கே இருக்கிற டாக்டருக்குத் தெரியும், உன் அதிகாரிக்குத் தெரியும், கூட வேலை பார்ப்பவர்களுக்கெல்லாம் தெரியும். பெற்றவர்களுக்கு மட்டும் தெரியாது.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று கேட்டாள், மேனேஜர் கதையைச் சொல்லித் தப்பித்தேன். "ஒரு பேன்ட்டுக்காகவா நாலு நாளா சோறு இறங்கலை?" என்று இன்று காலையில்கூட முறைத்தாள். ஆக, நானும் உன் கட்சியில் சேர்ந்துவிட்டேன். இந்தக் கட்சியில் என்னால் ரொம்ப நாள் இருக்க முடியாது.

ஒன்றாம் தேதியிலிருந்து மறுபடி பறக்கப்போகிறேன் என்று போன வாரம் சொன்னாய். வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன் கேள். நீ இந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டபோது அவர்கள் கேட்ட உயரத்துக்கு மேல் உனக்குக் கால் அங்குலம்தான் இருந்தது. தூங்கி எழுந்ததும் மனிதன் சற்றே உயரமாக இருப்பான் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அளவெடுக்கும் அன்று விடிந்தும் விடியாமலும் உன்னைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். வழியில் உட்காராதே, உட்கார்ந்தால் குறைந்துவிடுவாய் என்று பஸ்ஸில் நிற்கவைத்தே கொண்டுபோனேன். தேறி வெளியே வந்தபோதுதான் உனக்கு நெட்டை என்று பேர் வைத்தேன். அப்படி ஓடிய நானே போன வியாழக்கிழமை உட்கார்ந்து உன் மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன், என் மகள் இப்போது உங்கள் அளவுக்கு அரை அங்குலம் குறைவு, தயவுசெய்து தரையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று. உறைக்குள் போட்டு ஒட்டிக்கூட விட்டேன். பிறகு உன் போட்டோவுக்கு நேரே அந்த உறையை வைத்துக்கொண்டு என்னால் தையலில் உட்கார முடியவில்லை. கத்தரியாலேயே நறுக்கிக் குப்பையில் போட்டேன்.

அதனால் பறக்காதே என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றாம் தேதிக்கு முன்னால் இரண்டு நாள் லீவு கேட்டு வா. அந்தக் கோட்டையும் எடுத்துக்கொண்டு வா, தபாலில் அனுப்பாதே. அம்மா பக்கத்தில் இருக்கும்போது நான் உன் முதுகில் டேப்பை வைப்பேன், டேப் என்ன காட்டுகிறது என்று நீதான் அவளுக்குச் சொல்ல வேண்டும், ஏன் என்பதையும் நீதான் சொல்ல வேண்டும். அவள் அழுவாள், கத்துவாள், இரண்டையும் நின்று வாங்கிக்கொள். நான் பக்கத்திலேயே இருப்பேன். கோட்டைப் பிரித்து உன் உடம்புக்குச் சரியாகத் தைத்துத் தருகிறேன், போட்டுக்கொண்டு போ.

வரும்போது பெட்டியை நீ தொடாதே, நானே ஸ்டேஷனுக்கு வந்து தூக்கிக்கொள்கிறேன். ஏறுகிற ஒவ்வொரு தடவையும் ஏறின விமானத்திலேயே நீ இறங்க வேண்டும், எங்கள் ஆசீர்வாதம் இது ஒன்றுதான். நோட்டில் பதினாறரையை அடித்துவிட்டுப் பதினைந்தே முக்கால் என்று எழுதிவிட்டேன். அதற்குக் கீழே ஒரு வரி காலியாக இருக்கிறது, அதில் எதையும் எழுதும்படி எனக்கு வைக்காதே.

இப்படிக்கு,
பழைய கண்ணாடியிலேயே நன்றாகக் கண் தெரியும்
உன் அப்பா