கண்டக்டர் சிவபாண்டியும் பழைய லேப்டாப்பும்

அன்புள்ள அண்ணனுக்கு,

நடந்ததை ஒன்றுவிடாமல் உண்மையாக எழுதுகிறேன். நீ கொடுத்த பழைய லேப்டாப்பை இன்று மாலை முழுவதுமாக அழித்துவிட்டுப் புதிய சிஸ்டம் போட்டேன்.

போன வாரம் போனில், "யாருடி அந்தச் சிவபாண்டி? திருமங்கலம் பஸ்ல தினமும் பாக்கிறியாமே?" என்று கத்தினாய். அவர் என் கதையில் வரும் கண்டக்டர், அண்ணே. வயது ஐம்பத்தெட்டு. யாருக்கும் காட்டாத கதை உனக்கு எப்படித் தெரிந்தது என்று தேடினேன். நான் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் உனக்கு அனுப்பும் புரோகிராமை நீ அதில் ஒளித்து வைத்திருந்தாய்.

இப்போது அது இல்லை. கதை பென்டிரைவில் பத்திரமாக இருக்கிறது. புதிய பாஸ்வேர்டைக் கேட்காதே, சொல்ல மாட்டேன்.

பழங்காநத்தம் கம்ப்யூட்டர் கடைக்காரர், "இம்புட்டுப் பழசுல புதுசு ஏறாது பாப்பா" என்றார். நானே படித்துப் படித்து ஏற்றினேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. லேப்டாப் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. வீடு முழுக்க இன்வெர்ட்டரில் ஓடியது; அதுவும் சார்ஜ் இறங்கிக் கத்தத் தொடங்கியது. நடுவில் நின்றால் எல்லாம் வீண்.

நீ கேட்டால் அம்மா, "எனக்கு என்னய்யா தெரியும்" என்பார். ஆனால் எதற்காகச் செய்கிறேன் என்று அவரிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன்.

"இன்னும் எம்புட்டு நேரம்டி?" என்றார்.

"இருபது நிமிஷம்மா."

சீரியல் ஓடிக்கொண்டிருந்த டிவியை நிறுத்தினார். ஃபேனை நிறுத்தினார். பிறகு அறை அறையாகப் போய் எல்லா விளக்குகளையும் அணைத்தார்.

உன் தங்கை