கதவோரத்துக் கடைசி பெஞ்சு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் ஆண்டவர் தயவில் சுகம். அங்கே நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கடைசியாகக் கிடைத்த செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்று மாலை போதகரின் மனைவி வந்திருந்தார். அந்தப் பெண் தன் மகளைக் கூட்டிக்கொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு வரப் பார்ப்பதாகப் போனில் சொன்னாளாம். வருகிறேன் என்று சொல்லவில்லை, வரப் பார்க்கிறேன் என்றுதான் சொன்னாள் என்பதை அவர் இரண்டு தடவை அழுத்திச் சொல்லிவிட்டுப் போனார். அத்தான் தலையாட்டிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டார்.

எந்தப் பெண் என்று உனக்குத் தெரியாது. நீ கேட்டது வேறு. அத்தான் கடைசி பெஞ்சை விட்டு முன்னால் வந்துவிட்டார், வயதான காலத்தில் அவருக்கும் மரியாதை ஆசை வந்துவிட்டது என்று இங்கே நம் சபைப் பாடகர் குழுவில் இருக்கும் உன் சிநேகிதன் சொன்னதாகவும், நீ அவனோடு சண்டை போட்டதாகவும் எழுதியிருந்தாய். அவன் சொன்னதில் பாதி உண்மை. அத்தான் இப்போது மூன்றாவது வரிசையில் என் பக்கத்தில்தான் உட்காருகிறார். மீதிப் பாதியைப் போனில் சொல்லலாம் என்றால் அவர் எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறார். அதனால்தான் கடிதம்.

அவர் ஏன் கடைசி பெஞ்சுக்குப் போனார் என்பது உனக்குத் தெரிந்ததுதான். லிஃப்ட் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தபோது சபைக் கமிட்டியில் எடுத்தார்கள். கமிட்டிக்காரர்களுக்கு முன்னால் தனி நாற்காலி. இவர் அதில் உட்கார மாட்டேன் என்று கதவோரத்துக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். விருந்துக்குப் போனால் கடைசி இடத்தைத் தேடச் சொன்ன ஆண்டவரின் வார்த்தையை அவர் மனதார நம்பித்தான் செய்தார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பழைய போதகர் மாற்றலாகிப் போகும்போது பிரசங்கத்திலேயே அதைச் சொல்லி, தாழ்மையை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, நம் கடைசி பெஞ்சு ஐயாவிடம் படித்தேன் என்றார். அதற்குப் பிறகு அவர் நினைத்தாலும் அங்கிருந்து எழுந்திருக்க முடியாது. நீயும் அங்கே கடைசி வரிசையில்தான் உட்காருவதாக எழுதியிருந்தாய். எனக்குச் சிரிப்பு வந்தது. பதிலில் எழுதவில்லை. அந்த வருஷங்களிலெல்லாம் என் பக்கத்தில் என் கைப்பைதான் உட்கார்ந்திருந்தது. அதையும் பெருமையாகவே நினைத்திருந்தேன்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு பெண் புதிதாக வந்தாள். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று, அதிகம் பேசாது. சத்தம் ஆகாது, கூட்டம் ஆகாது, திறந்த கதவு கண்ணில் பட்டால்தான் ஓரிடத்தில் இருக்கும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று நாங்கள் பார்த்தது, இருவரும் தாமதமாக வந்து அத்தானுடைய பெஞ்சில் உட்கார்ந்ததைத்தான். அவர் சிரித்த முகத்தோடு எழுந்து, ஆராதனை முடியும்வரை சுவரோரமாக நின்றார். வாசலில் நாலு பேர் அதைச் சொல்லி அவரைப் புகழ்ந்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் முழங்கால் வலிக்கிறதா என்று கேட்டேன். இதெல்லாம் ஒரு வலியா என்றார்.

அடுத்த ஞாயிறு வழக்கத்துக்கு முன்பே கிளம்பி, பெஞ்சின் நடுவில் வேதாகமத்தையும் குடையையும் வைத்து உட்கார்ந்துகொண்டார். மழைக்காலம் இல்லை. அந்தப் பெண் வந்து ஓரமாக இடம் பிடித்தாள். குழந்தை காலை ஆட்டி ஆட்டிப் பெஞ்சை உதைத்துக்கொண்டிருந்தது. அத்தான் குனிந்து ஏதோ சொன்னதை மூன்றாவது வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தேன். சொன்னது என்ன என்று பிறகு அவரே சொன்னார்.

“முன்னாடி நிறைய இடம் இருக்கும்மா. பாப்பாவுக்கு அங்க நல்லாத் தெரியும்.”

குரலில் கடுமையே இருந்திருக்காது. அவருக்குக் கடுமையாகப் பேச வராது. அந்தப் பெண்ணும் மறுக்காமல் எழுந்து, மகளோடு இரண்டாவது வரிசையில், ஸ்பீக்கருக்கு நேர் கீழே போய் உட்கார்ந்தாள். முதல் பாட்டு தொடங்கியதும் குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அலற ஆரம்பித்தது. அப்படி ஓர் அலறலை நான் கேட்டதில்லை. பாட்டு நின்றுவிட்டது. அவள் மகளை இடுப்போடு அணைத்துத் தூக்கி, கால்கள் தரையில் இழுபட, நடுவழியே அத்தனை பேரையும் கடந்து வெளியே போனாள். அத்தான் எழுந்து அவர்களுக்குக் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்திலும் ஐயா எழுந்து கதவைத் திறந்துவிட்டாரே என்று அன்றைக்கும் ஒருவர் என்னிடம் சொன்னார். அவர்கள் திரும்ப வரவில்லை.

சில வாரம் பொறுத்துப் பார்த்தேன். ஒருநாள் சாப்பிடும்போது, அந்த இடம் உங்களுக்கு எதற்கு, அந்தக் குழந்தைக்குத்தானே வேண்டியிருந்தது என்று கேட்டுவிட்டேன். யாருக்கும் வேண்டாத இடத்தில் உட்காருகிறவனைப் பார்த்து என்ன கேள்வி இது என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனார். நாலைந்து நாள் வீட்டில் பேச்சு இல்லை. கேட்டால் ஆமாம், இல்லை. அந்த ஞாயிறு காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். தொட்டுப் பார்த்தேன், உடம்பு சாதாரணமாகத்தான் இருந்தது. பொய் சொல்லத் தெரியாத மனுஷன், பாவம்.

பிறகு ஒரு நாள் தானே வந்து, நீ சொன்னது சரி என்றார். சபை முழுவதற்கும் முன்னால் எழுந்து நின்று குற்றத்தை அறிக்கை செய்யப்போவதாகவும் சொன்னார். குளியலறையில் ஒத்திகை நடந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் மூன்று தடவையும் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஓரிடத்தில் குரல் தழுதழுத்தது. மூன்று தடவையும் அதே இடத்தில் தழுதழுத்தது. நான் ஒன்றும் சொல்லாமல் போதகரிடம் போகச் சொன்னேன்.

இப்போதைய போதகர் இளைஞர். நம் பெரியவனைவிடச் சிறியவர். முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

“அவங்கதான் இப்ப சபைக்கே வர்றதில்லையே ஐயா. எங்ககிட்ட எதுக்குச் சொல்றீங்க?”

அத்தான் முகவரியை வாங்கிக்கொண்டு வந்தார்.

இருவரும் போனோம். அவர்கள் இருப்பது நான்காவது மாடி. லிஃப்ட் ஒவ்வொரு தளத்திலும் உதறிக்கொண்டு போனது. இவர் சுவரில் காதை வைத்துக் கேட்டு, எது தேய்ந்திருக்கிறது என்று எனக்கு விளக்கினார். பயத்தில் இருந்தால் அவருக்கு வேலை நினைப்புதான் வரும். வீடு ஒரே அறை. குழந்தை ஜன்னலடியில் முதுகைக் காட்டிக்கொண்டு பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தது. ஆலயத்திலிருந்து வருகிறோம் என்றதும் அந்தப் பெண்ணுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இருந்த ஒரே நாற்காலியை இவருக்குப் போட்டாள், டீ கொடுத்தாள். அங்கிருந்து எங்களைத் தேடி வந்த முதல் ஆள் நீங்கள்தான் ஐயா என்றாள். யாரோ ஒருவர் முன்னால் போகச் சொன்னார், அவர் யாரென்று முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, இவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன், எல்லோரும் அப்படி இருக்க மாட்டார்கள் என்று உங்களைப் பார்த்தால் தெரிகிறது என்றாள்.

தம்பி, அந்த நேரத்தில் நான் தலை நிமிரவில்லை. சபையின் சார்பில் வருந்துகிறோம் என்று ஒரு வார்த்தை போதும். ஜெபம் பண்ணிவிட்டு வந்திருக்கலாம். அவளும் வாசல்வரை வந்து வழியனுப்பியிருப்பாள். அவர் என்ன செய்வார் என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் தெரியவில்லை.

டம்ளரைக் கீழே வைத்தார்.

“அது நான்தாம்மா. அங்க நான் வழக்கமா உக்காருவேன். விட்டுக்கொடுக்க மனசு வரல.”

குளியலறையில் கேட்டதில் ஒரு சொல்கூட இதில் இல்லை. அவள் மெதுவாகக் கேட்டாள்.

“உங்க இடமா அது? சொல்லியிருந்தா நாங்க வெளிய நின்னிருப்போமே.”

“என் இடம் இல்லம்மா” என்றார்.

அதற்கு மேல் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. அந்த லிஃப்டைத் தானே வந்து சரிபண்ணித் தருவதாகச் சொன்னார். மகள் லிஃப்டில் ஏறமாட்டாள், நாங்கள் படியில்தான் என்று அவள் சொல்லிவிட்டாள். கொடுக்க ஒன்றும் இல்லாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அப்புறம் மகள் மூன்று நாள் செருப்பே போடவில்லை, போட்டால் எங்கேயோ கூட்டிப்போய்விடுவேன் என்று பயம், அதனால் எனக்கு வேலைக்கும் போக முடியவில்லை என்று அவள் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. டீ ஆறுகிறது, குடித்துவிட்டுப் போங்கள் என்றாள். குடித்தார்.

திரும்பும்போது படியில் இறங்கினார். முழங்காலை நினைத்து லிஃப்டில் போகலாம் என்றேன், கேட்கவில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று, அவள் ஒன்றும் சொல்லவில்லை இல்லையா என்று கேட்டார். சொல்லவில்லை என்றேன். சரிதான் என்று மறுபடி இறங்கினார்.

மறு ஞாயிறு மூன்றாவது வரிசைக்கு வந்தார். அங்கே கால் நீட்ட இடமில்லாமல் நெளிந்தார். ஆளுக்கொரு தடவை திரும்பிப் பார்த்தார்கள். பொருளாளர் வாசலில் பிடித்துக்கொண்டு, என்ன ஐயா பதவி உயர்வா என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. நடந்தது இதுதான் என்று வாயைத் திறந்தேன். அத்தான் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, அவர்களோடு சேர்ந்து தானும் சிரித்தார். உன் சிநேகிதன் பார்த்தது அதைத்தான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

அன்றிலிருந்து அந்தப் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. அவருக்கு மரியாதை என்று நினைத்து விட்டுவைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. அதை விளக்கவும் அவர் விடமாட்டேன் என்கிறார்.

ஆகவே உன்னை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உன் சிநேகிதனோடு சமாதானமாகிவிடு, ஆனால் இதில் எதையும் அவனிடம் சொல்லாதே. சொன்னால் நாளைக்கே சபை முழுவதும் அதைச் சொல்லிப் புகழ ஆரம்பித்துவிடும், பிறகு மூன்றாவது வரிசையிலிருந்தும் அவர் எழுந்திருக்க முடியாது. அவரோடு பேசும்போது உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு அத்தான் என்று நீயும் ஆரம்பிக்காதே. முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேள், அது போதும். அது உண்மையிலேயே மோசமாகத்தான் இருக்கிறது. வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறோம்.

அந்தப் பெண் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறாளாம். வந்தால் யாரும் எழுந்து வந்து வரவேற்க வேண்டாம், மகள் மிரண்டுவிடுவாள். முன்னதாகப் போய்ப் பின்பக்க ஸ்பீக்கரை அணைத்துவிடுவதாகப் போதகர் சொல்லியிருக்கிறார். ஆராதனை ஒன்பது மணிக்கு. கிளம்ப முடிகிறதா இல்லையா என்பதை எட்டு மணிக்குள் போதகர் மனைவிக்குத் தெரிவிப்பதாக ஏற்பாடு. ஞாயிறு மத்தியானம் உனக்குச் செய்தி அனுப்புகிறேன்.

அவர்கள் வரவேண்டும் என்று ஜெபம் பண்ணு. வராமலே போனாலும், இவர் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துப் பின்னால் போய்விடாமல் என் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்றும் பண்ணு. அதை என்னால் அவரிடம் கேட்க முடியவில்லை.

ஆண்டவர் உன் வீட்டாரையும் உன்னையும் காப்பாராக.

அன்புடன்,
அக்கா