ஆனையூரில் குடிக்காத கூழ்

சோழவந்தான்,
20 பிப்ரவரி 1937
சேசு மரி சூசை துணை

பிரியமுள்ள ஆரோக்கியநாதனுக்கு,

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். ஒரே பெஞ்சில் படித்தவர்கள் நாம். இருவருமே எல்.டி. வாத்தியார் படிப்பு முடித்தோம். மதுரை ஹைஸ்கூல் உனக்குக் கிடைத்தது. வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே இந்த மிடில் ஸ்கூல் எனக்கு. அப்போதும் உனக்கு வாழ்த்து எழுதினேன். உன் பையன்களின் சேவா சங்கத்தைப் பள்ளிக்கூடம் நடத்தும் சாமியார்கள் புகழ்ந்தபோதும் எழுதினேன். இப்போது என் மகன் விஷயத்திலும் வாழ்த்து எழுத வேண்டுமா?

உன் பள்ளிக்கூடத்தில் ஆறாம் பாரம்வரை என் லூர்துதான் வகுப்பில் முதல். சனிக்கிழமைதோறும் உன்னோடு ஆனையூருக்கு நடந்தான். வாந்திபேதிக் காலத்தில் கிணற்றில் இறங்கித் தூர் வாரினான். அப்படியிருக்க, ஆண்டு விழாவில் சேவைப் பதக்கமும் அதோடு வரும் காலேஜ் இலவசப் படிப்பும் அவன் கூடப் படிக்கிற மலையாண்டி மகன் நல்லகாமனுக்கு! கணக்கில் அவன் எந்த லட்சணம் என்று உனக்குத் தெரியாதா? ஏர் உழும் சம்சாரி வீட்டுப் பையனை மேடையேற்றினால் சாமியார்கள் முன்னால் உன் பெயர் துலங்கும். அதற்கு என் மகன்தானா கிடைத்தான்?

பக்கத்தில் உட்கார்ந்து என் மனைவி பாக்கியம் கைதட்டினாள். எனக்குக் கை எழவில்லை.

காரணத்தை எழுது.

உன் பழைய நண்பன்,
யேசுதாஸ்


மதுரை,
25 பிப்ரவரி 1937

அன்புள்ள யேசுதாசு,

திட்டுவதற்காகவாவது எழுதினாயே, சந்தோஷம். தங்கச்சி பாக்கியம் சுகம்தானே?

சங்கத்தில் பையன்களே போட்டுக்கொண்ட விதி ஒன்று உண்டு. எந்தத் தெருவில் வேலை செய்கிறார்களோ, அந்தத் தெருவில் கொடுப்பதைத்தான் மத்தியானம் சாப்பிட வேண்டும். மறுப்பவனுக்கு அன்றைய வேலை சேவையில் சேராது. ஆனையூரில் கொடுத்தது கம்பங்கூழ். லூர்து போர்டிங்கிலிருந்து கட்டிவந்த சோற்றுப் பொட்டலத்தோடு தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்வான். எல்லாச் சனிக்கிழமையும் அப்படித்தான். அந்தத் தெருவில் கை நனைக்கக் கூடாது என்று நீ அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாயாம்.

அவன் உழைப்பில் குறையே இல்லை. ஆனால் உன் மகன் என்பதற்காக விதியைத் தளர்த்த எனக்கு மனம் வரவில்லை. விழாவுக்கு முன்பே அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்.

“சரிதான் சார். அப்பா பேச்சத் தட்ட முடியல. நல்லகாமன் அம்புட்டுப் பேரோடயும் உக்காந்து குடிச்சான். அவனுக்கே குடுங்க” என்றான். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டான். நீ கேட்டதால் சொல்லிவிட்டேன்.

என்றும் உன்,
ஆரோக்கியநாதன்


சோழவந்தான்,
18 ஏப்ரல் 1937

ஆரோக்கியநாதா,

சத்தியம் வாங்கியது உண்மை. நம் சாதி ஜனங்கள் நாலு விதமாகப் பேசக் கூடாது என்று வாங்கினேன். இன்றும் வாங்குவேன்.

லூர்து லீவுக்கு வந்திருக்கிறான். காலேஜே வேண்டாமாம். டிரெயினிங் முடித்து உன் பள்ளிக்கூடத்திலேயே வாத்தியார் ஆகப் போகிறானாம். சாப்பிட உட்கார்ந்தால் ஆரோக்கியம் சார் இப்படிச் சொன்னார், அப்படிச் செய்தார் என்பதுதான் பேச்சு. பாக்கியமும் கூடச் சேர்ந்து சிரிக்கிறாள். நான் சம்பாதித்துப் போடும் வீட்டில் நீ வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாய்.

நேற்று பொறுக்க முடியாமல், “நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா அந்த மெடல் ஒனக்குத்தான்டா” என்றேன்.

“கேட்டிருந்தாலும் சார் குடுத்திருக்க மாட்டாருப்பா. அதனாலதான் அவருகிட்டப் போறேன்” என்றான்.

மரியாதைக் குறைவாக ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு என் டம்ளரில் தண்ணீர்கூட ஊற்றினான். உன் நாற்காலியில் நான் இருந்திருந்தால் கேட்காமலே கொடுத்திருப்பேன். அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

மதுரை உத்தியோகம் உனக்குப் போனதைப் பொறுத்தேன். பதக்கத்தையும் நாளாவட்டத்தில் பொறுத்திருப்பேன். இது முடியாது. ஜூன் மாதம் டிரெயினிங்கில் சேர அவன் உன்னிடம் வருவான். நான் தடுக்கப் போவதில்லை. தடுத்தால் அதற்கும் கீழ்ப்படிந்து, தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்வான்.

இனி நமக்குள் கடிதம் வேண்டாம். உன் நண்பன் என்று எழுதினால் பொய். லூர்துவின் தகப்பன் என்று எழுதலாமென்று பேனாவைத் தாளில் வைத்தேன், ஓடவில்லை. கையெழுத்தில்லாமலே இதைத் தபாலில் போடப் போகிறேன்.