சம்பந்தியம்மா ஊட்ட வந்த லட்டு

ஞாயிறு, இரவு

வாய வச்சது தப்புதான் லெட்சுமி, ஒத்துக்கிறேன் லா. ஆனா அந்த எடத்துல வேற என்ன செய்றது, நீயே சொல்லு.

என் வீட்டுக்காரி லெட்சுமிக்கு வந்தது மாத்திரைக்கு அடங்காத வலிப்பு. சோறும் சீனியும் உள்ளே போனால் வலிப்பு திரும்பும் என்று சிரம்பான் டாக்டர் இரண்டையும் நிறுத்திவிட்டார். இப்போது முட்டை, மீன், தேங்காய் எண்ணெய்தான். அதற்குப் பிறகு அவள் விழவே இல்லை. "நம்ம லுக்குட் ஊரு முட்டைக்கடை உன்னாலதான் ஓடுது" என்று தினமும் சீண்டுவேன்.

இன்று ரஹாங்கில் பேத்திக்கு நிச்சயம். தட்டு மாற்றியதும் மாப்பிள்ளையின் அம்மா லட்டோடு வந்து, "வாயத் தொறங்கம்மா" என்று லெட்சுமிக்கு ஊட்டப் போனார். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். வலிப்பு என்று சொன்னால் கல்யாணம் நின்றாலும் நிற்கும். இவள் பயந்துபோய் வாயைத் திறந்துவிட்டாள். நான் குறுக்கே தலையை நீட்டி லட்டை அப்படியே கவ்விவிட்டேன். வீடே சிரித்தது.

திரும்பி வந்ததும் ஆரம்பித்தாள்.

"சம்பந்தியம்மா கையில போயி வாய வைக்கிறீங்களே, வெக்கமா இல்ல? உங்களுக்கு இனிப்பு நீர் வியாதி வேற!"

"லட்டு நல்லாத்தான் இருந்துச்சு லா."

"சிரிக்காதீங்க."

"இல்ல புள்ள, நீ அன்னிக்கு அடுப்புகிட்ட விழுந்து கெடந்தப்ப நான்..."

முடிப்பதற்குள் எழுந்து நடந்துவிட்டாள். போகிறபோக்கில் திரும்பாமலே சொன்னாள்:

"நாளையிலேர்ந்து உங்களுக்கும் சோறு கெடையாது. முட்டைதான்."