குடத்தில் எடுத்த எண்ணெய்

உ

உத்திரமேரூர்
24-1-1986

அன்புள்ள மகன் தணிகைவேலுக்கு உன் நைனா நமச்சிவாயம் எழுதிக்கொள்வது. இங்கே உன் அம்மா சுகம், தங்கை கனகா சுகம், போன வாரம் கன்று போட்ட கறுப்புப் பசு சுகம், கன்றும் சுகம். நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் உன் அம்மா பேனாவைப் பிடுங்கிக்கொள்வாள். நீ அங்கே எப்படி இருக்கிறாய் என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. எப்படி இருக்கிறாய் என்பதைத்தான் நீ பத்து வரியில் எழுதிவிட்டாயே.

அந்தப் பத்து வரிக் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. நான் எழுதியபடி நூற்றிநாற்பது நம்பர் எண்ணெயை மணலில் பைக் மாதிரி ஏறி ஓட்டும் அந்த நாலு சக்கர வண்டிக்கு ஊற்றினாய், இன்ஜின் கத்தியது, சக்கரம் நகரவில்லை, கிளட்ச் தட்டு எரிந்து நாறி வண்டி மணல்மேட்டில் நின்றுவிட்டது, நிலம் அளக்கப் போன வெள்ளைக்காரர் நாலு மணி நேரம் நடந்தே கேம்புக்கு வந்து சேர்ந்தார், உன்னைப் பட்டறையிலிருந்து எடுத்து லாரி கழுவப் போட்டுவிட்டார்கள். பிப்ரவரி கடைசியில் இன்னொரு வண்டியை உன் கையில் தருவார்கள், அதுவும் நின்றால் உனக்கு ஊருக்கு டிக்கெட். கீழே ஒரு வரி, இனிமேல் எண்ணெய் விஷயமாக எதுவும் எழுத வேண்டாம் நைனா என்று. நியாயம். ஆனாலும் எழுதுகிறேன். கோபம் வந்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே மடித்து வைத்திருக்கும் சீட்டை மட்டும் வைத்துக்கொள். அது என் கையெழுத்து இல்லை.

உன் அம்மா பவளம் அந்தக் கடிதத்தைக் கனகாவை விட்டு இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அதிலிருந்து என்னோடு பேச்சு இல்லை, குத்தல் மட்டும் உண்டு. முந்தாநாள் என்ன சமையல் என்று கேட்டதற்கு, "இன்னா கொழம்பு வெக்கறதுன்னு கொடத்துல சீட்டு போட்டு எடுத்துக்கினு வாயேன்" என்றாள். குடம் எங்கிருந்து வந்தது என்று உனக்குப் புரியாது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சொல்லாமல் விட்டால், பாவம் நைனா, தெரிந்ததைச் சொன்னார், தப்பாகப் போய்விட்டது என்று நீயே ஒருநாள் மனதைத் தேற்றிக்கொள்வாய். அந்தச் சலுகை எனக்கு வேண்டாம்.

என்ன எண்ணெய் ஊற்றுவது என்று கேட்டு நீ போன கார்த்திகையில் எழுதினாய் அல்லவா, அந்தக் கடிதத்தை நான் வீட்டில் வைத்துப் படிக்கவில்லை. பஸ் நிலையத்தில் செங்கேணி டீக்கடைக்குக் கொண்டுபோய், நாலு பேர் கேட்கும்படி உரக்கப் படித்தேன். பாலைவனத்திலிருந்து ஒரு பிள்ளை தகப்பனிடம் யோசனை கேட்டு எழுதியிருக்கிறான் என்றால் சும்மா இருக்க முடியுமா? எனக்கு உள்ள இயந்திர ஞானம் உனக்குத் தெரியும், முத்துகிருஷ்ணன் டிராக்டரில் மட்கார்டு மேல் உட்கார்ந்து திருமுக்கூடல் வரைக்கும் போய்வந்ததுதான். ஆனால் கடிதத்தைப் படித்து முடித்தபோது நானே பெரிய இஞ்சினியர் மாதிரி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். உடனே சபை கூடிவிட்டது. முத்துகிருஷ்ணன், டிராக்டர் கியருக்கு நூற்றிநாற்பதுதான், சக்கரம் நாலு என்றால் அதுவும் டிராக்டர்தான் என்றான். லாரியில் கிளீனராக இருந்த சேட்டு தொண்ணூறு என்றான். ரைஸ் மில் இன்ஜின் ஓட்டும் பெருமாள் முப்பது என்றார். டீ ஆற்றிக்கொண்டே செங்கேணி, "இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு, வண்டி அச்சுக்கு வெளக்கெண்ணெய வுட்டா கம்முனு ஓடும்" என்றாள். பேச்சு முற்றி, சேட்டு முத்துகிருஷ்ணனுடைய டிராக்டரைத் தகரக் கொட்டாய் என்று சொல்ல, அவன் பெஞ்சை விட்டு எழுந்துவிட்டான். அப்போதுதான் உன் தகப்பனுக்கு அந்தக் கிறுக்கு யோசனை வந்தது. எதிரே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர் தெரிகிறது, ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் குடத்தில் ஓலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்த ஊர் நம்முடையது, எண்ணெயைத் தேர்ந்தெடுக்க முடியாதா என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் போதும், அதற்காகவே எத்தனையோ காரியத்தைக் கெடுத்திருக்கிறேன். பீடிக் கட்டுக் காகிதத்தை நாலாகக் கிழித்து எழுதி, செங்கேணியின் தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்துத் துடைத்து, அதில் போட்டோம். "எனக்குப் படிக்கத் தெரியாது, அதனால ஓரவஞ்சன பண்ண மாட்டேன்" என்று அவளே கையை விட்டு எடுத்தாள். நூற்றிநாற்பது வந்தது. முத்துகிருஷ்ணன் எல்லாருக்கும் இன்னொரு டீ சொன்னான்.

அதோடு விட்டிருந்தாலும் தேவலை. குடத்தில் வந்தது நம்பர் மட்டும்தான். பாலைவனத்துச் சூட்டில் மெல்லிய எண்ணெய் தண்ணீராகிவிடும், கெட்டியானது பல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும், பயப்படாமல் ஊற்று என்று உனக்கு ஒரு பக்கம் எழுதினேனே, அது முழுக்க என் சொந்தச் சரக்கு. எழுதி முடித்து நானே ஒருமுறை படித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. நானே நம்பிவிட்டேன்.

நீ ஏன் அங்கே ஒருவரையும் கேட்காமல் என்னைக் கேட்டாய் என்று இவர்கள் இப்போது கேட்கிறார்கள். அதற்கும் பதில் எனக்குத் தெரியும், டீக்கடையில் சொல்லவில்லை. விசா ஏஜெண்டிடம் பையன் கியர் மெக்கானிக் என்று சொன்னவன் நான்தானே. ஏசுதாஸ் பட்டறையில் இரண்டு வருஷம் நீ போல்ட்டும் நட்டும் மண்ணெண்ணெயில் கழுவினாய், அவ்வளவுதான். இன்னும் இரண்டு வருஷம் இருக்கட்டும் அண்ணே, கியரில் கை வைக்க விடுகிறேன் என்று அவன் சொன்னான். என் பிள்ளையை நீ வேலைக்காரனாகவே வைத்துக்கொள்ளப் பார்க்கிறாயா என்று பட்டறை வாசலில் நின்று கத்திவிட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தேன். மெக்கானிக் என்று போனவன் போர்மேனிடம் போய் என்ன எண்ணெய் என்று எப்படிக் கேட்பான்?

சரி, மிச்சத்தையும் கேள். இரண்டு நாள் சோறு இறங்காமல், நேற்று காலையில் வந்தவாசி ரோட்டுக்குப் போனேன். மூன்று வருஷமாக அந்தப் பட்டறை வரும்போது நான் ரோட்டின் அந்தப் பக்கம் மாறி நடப்பவன். ஏசுதாஸ் ஒரு வேனுக்கு அடியிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தான். "வாங்க நமச்சிவாயம் அண்ணே, எண்ணெய கொடத்துல எடுத்தீங்களாமே, என்னையும் கூப்ட்டிருந்தா ஒரு சீட்டு எழுதிப் போட்டிருப்பேனே" என்றான். வேலைக்காரர்கள் சிரித்தார்கள். ஊரைச் சிரிக்க வைப்பதே தொழிலாக வைத்திருந்தவனுக்கு அது நல்ல கூலி. விஷயத்தைச் சொன்னேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு, கிளட்ச் எண்ணெயில் முழுகி இருக்கிறதா, வெளியே தனியாக இருக்கிறதா என்று கேட்டான். நாங்கள் இத்தனை பேர் அரை நாள் சண்டை போட்டோமே, ஒருவருக்காவது இந்தக் கேள்வி தோன்றியதா? எனக்குத் தெரியாது என்றேன். அதற்கு அவன், எனக்கும் அந்த வண்டியைப் பார்த்துப் பழக்கம் இல்லை, பார்க்காத வண்டிக்கு நம்பர் சொல்லக்கூடாது, வண்டியோடு வந்த புத்தகம் சொல்வதுதான் என்றான். கோயில் சுவரிலும் குடத்தில் யார் யார் பெயரைப் போடலாம், யார் பெயரைப் போடக்கூடாது என்றுதான் முதலில் வரி வரியாக வெட்டி வைத்திருக்கிறார்களாம், வாத்தியார் ஒருவர் இப்போது சொல்கிறார். தினமும் அந்தச் சுவருக்கு எதிரே டீ குடிக்கிறேன்.

பிறகு ஏசுதாஸ் சொன்னான், "இதெல்லாந்தான் அவனுக்கு அப்பவே எழுதிட்டேனே அண்ணே."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவன் காலண்டருக்குப் பின்னால் கையை விட்டு உன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தான். எனக்கு எழுதிய அன்றைக்கே அவனுக்கும் எழுதியிருக்கிறாய், அவனும் பதில் போட்டிருக்கிறான். அவன் காட்டியது அதற்கு நீ எழுதிய மறு கடிதம். ஸ்டூலைத் தள்ளிப் போட்டான், நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே படித்தேன். மேஸ்திரி, நீங்க சொன்னதுதான் சரியா இருக்கும், ஆனா நைனா ஒரு பக்கம் பூரா விளக்கமா எழுதிக்கீறாரு, நாலு பேர விசாரிச்சிதான் எழுதியிருப்பாரு, இந்த ஒரு வாட்டி அவரு பேச்ச கேக்கறேன், இல்லன்னா மனசு வுட்டுடுவாரு என்று எழுதியிருக்கிறாய். நாலு பேரை விசாரித்தேன் என்பது வரைக்கும் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறாய் தணிகை.

வீட்டுக்கு வந்து இதை உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் குத்திப் பேசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

உள்ளே இருக்கும் சீட்டு ஏசுதாஸ் மறுபடியும் எழுதிக் கொடுத்தது. இன்ஜின், கிளட்ச், கியர் மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான், மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் மெல்லிய எண்ணெய், கியர் எண்ணெயை அதற்குள் விட்டால் கிளட்ச் தட்டு வழுக்கும், பின் அச்சுக்கிட்டே தனியாக ஒரு உருண்டைக் கியர் பெட்டி இருந்தால் அதற்கு மட்டும் கெட்டி எண்ணெய், நம்பரைப் புத்தகத்தில் பார் என்று இருக்கிறது. நான் ஒரு எழுத்தும் சேர்க்கவில்லை. இன்னொன்று, இது யோசனை இல்லை, கெஞ்சல். கடைசித் தேதி வரைக்கும் காத்திருக்காமல் போர்மேனிடம் போய், நான் கியர் மெக்கானிக் இல்லை, கற்றுக்கொடுங்கள் என்று சொல்லிவிடு. பொய் சொன்னது என் தகப்பன் என்று தாராளமாகச் சொல். அந்த ஊரில் என் மானத்தை யாருக்கும் தெரியாது, இந்த ஊரில் போவதற்கு மிச்சம் இல்லை.

மற்றபடி, ஏரி இன்னும் உபரித் தண்ணீர் வழியும் கலங்கல் மட்டத்துக்குத் ததும்பிக்கொண்டிருக்கிறது, வேர்க்கடலை போட்டிருக்கிறோம். கனகா டைப்ரைட்டிங் பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டாள். சேட்டு, குடம் கவிழ்த்த அன்றைக்குத் தான் ஊரிலேயே இல்லை என்று சாதிக்கிறான், பெருமாள் தன் சீட்டு அடியில் ஒட்டிக்கொண்டது என்கிறார், செங்கேணி அந்தக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதில்லை. உன் அம்மா மாகறல் கோயிலுக்குப் போய் உன் பெயரில் அர்ச்சனை செய்து திருநீறு அனுப்பியிருக்கிறாள், சீட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும், பார்த்துப் பிரி. வெயிலில் தலைக்குத் துண்டு கட்டு. லாரி கழுவும்போது காலில் செருப்பு போட்டுக்கொள். நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன், இதில் சீட்டுப் போடவில்லை.

வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் பதிலை ஏசுதாஸ் விலாசத்துக்கே போடு. நான் தினமும் தபால் நேரத்துக்குப் பட்டறை வாசலில் போய் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் நைனா
கி. நமச்சிவாயம்