கோபித்துக்கொண்டு போக இடமில்லாத ஊர்

நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். மாடியில் துணி காயவில்லை. முழங்கால் பரவாயில்லை.

மாலத்தீவு பற்றி மனைவி கஸ்தூரிக்கு முதல் பாடம். மகள் செல்வி கல்யாணமாகி அங்கே போய் ஒன்றரை வருஷம். மாப்பிள்ளைக்கு ஒரு குட்டித் தீவுப் பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை. மூன்று மாதம் வந்து தங்கச் சொல்கிறார்கள். எனக்குச் சம்மதம். க. பிடி கொடுக்கவில்லை.

புவியியல் நடத்தியவன் அல்லவா, உதாரணத்தோடு ஆரம்பித்தேன். தோசைக்கல்லில் மாவைத் தெளித்தது போல ஆயிரத்துக்கு மேல் தீவுகள். ஆள் குடியிருப்பது கொஞ்சத்தில்தான். ஆறு இல்லை, ஏரி இல்லை. கல்வராயன் மலையை விடு, தேசத்திலேயே உயரமான மேடு நம் வாசற்கால் உயரம்.

"தண்ணிக்கு?"

"மழைத் தண்ணீரைப் பிடித்து வைப்பார்கள். கடல் நீரையும் சுத்தம் செய்வார்கள்."

"செல்வி ஊரு எம்மாம் பெருசு?"

"நம் தெருவிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை நீளம். அகலம் அதில் பாதி."

"அப்பறம்?"

"கடல்."

"அந்தாண்ட?"

"அந்தப் பக்கமும் கடல்தான்."

எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

நவம்பர் 5, புதன்

மழை வலுத்தது. வாங்க வேண்டியவை: மெழுகுவர்த்தி, தைலம், ரவை.

இரண்டாம் பாடம். வெள்ளி, சனி விடுமுறை. எழுத்து வலமிருந்து இடம். அரிசி, காய் எல்லாம் படகில் வரும். தலைநகருக்குப் படகு தினமும் கிடையாது. க. அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். கடைசியில் ஒரே சந்தேகம்.

"நமக்குள்ள சண்டை வந்தா நான் எங்க போறது?"

சிரித்துவிட்டேன். சிரிக்கிற கேள்வி இல்லை. அவளுக்குக் கோபம் வந்தால் துணிப்பை, ரிஷிவந்தியம் பஸ், அவள் தம்பி வீடு. எங்கள் குடும்பம் ஓடியதே இப்படித்தான். மறுநாளோ அதற்கு மறுநாளோ நான் போவேன். "இன்னாங்க மாமா, இந்தத் தபா லேட்டு?" என்பான் மச்சான். காப்பி வரும். என்ன சண்டை என்று யாரும் கேட்பதில்லை. திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு அவளுக்கு.

"மூன்று மாதம்தானே. சண்டை போடாமல் இருப்போம்."

"யாரு, நீங்களா?"

நவம்பர் 7, வெள்ளி

கரண்ட் இல்லை. சாயங்காலம் செல்வியிடமிருந்து போன். பக்கத்தில் மாப்பிள்ளை குரல். தினமும் தீவைச் சுற்றி நடக்கிறாளாம். மூன்று ரவுண்டு, சில நாள் ஐந்து. நல்ல பழக்கம், சர்க்கரை வராது என்றேன்.

"தனியாவா?" என்று க. கேட்டாள்.

"ஆமாம்மா."

போனை வைத்த பிறகு க. சாப்பிடவில்லை.

"இன்னா வாத்தியாருங்க நீங்க! அஞ்சு ரவுண்டு ஒடம்புக்கா நடக்கறா? போக எடமில்லாம சுத்திக்கினு கெடக்கறா."

நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலம் தீவு. எத்தனை வகுப்பில் கோரஸாகச் சொல்ல வைத்திருப்பேன். போனில் அந்தத் தீவின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். நகக்கண் அளவு பச்சை, சுற்றிலும் நீலம். மாப்பிள்ளை நல்ல மாதிரி. ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவது போன்ற சண்டையாகத்தான் இருக்கும். நான் போன் செய்து கேட்டால் பெரிதாகிவிடும். கேட்காமலும் இருக்க முடியவில்லை. இந்த அறைக்குள்ளேயே எத்தனை ரவுண்டு நடந்தேனோ.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில். அங்கே இன்று பள்ளி உண்டு. மாப்பிள்ளை கிளம்பியிருப்பார் என்று கணக்குப் போட்டு க.வே போன் செய்தாள். ஸ்பீக்கரில் கேட்டேன்.

"நாங்க வர்றோம். ஆனா உங்க வூட்ல வேணாம். ஊரு கோடில ஒரு ரூம் வாடகைக்குப் பாரு."

"எதுக்கும்மா? அவரு இன்னா நெனைப்பாரு?"

"உங்கப்பாவுக்குக் கொறட்டை ஜாஸ்தின்னு சொல்லு."

"கோவிச்சுக்கினு வர்றதுக்கு உனக்கு ஒரு அம்மா வூடு வேணாமாடி? வா, ரெண்டு நாளு இரு. மாப்ள வந்து கூப்புட்டா போ."

லைன் அறுந்துவிட்டதா என்று பார்த்தேன். இல்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம். அப்புறம் மெதுவாக,

"எந்தக் கோடிம்மா? ஸ்கூல் பக்கமா, போட் நிக்கிற பக்கமா?"

"உங்க வூட்லேந்து எது தூரமோ அது."