பேர் எழுதாத புட்டி

பெர்மெத்தோட அப்பாவுக்கு,

மாஸ்கோல பனி கொட்டுதாமே, காதை மூடிக்கிட்டு வேலைக்குப் போங்க.

மாமா கோடையிலேயே இருமினார். "குதிரைப் புழுதிம்மா, விடு"ன்னார். நான் விடாம அவர் சளியைப் புட்டியில வாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பேர் எழுதச் சொன்னாங்க. மாமனார் பேரை ஒரு கிர்கிஸ் மருமக எப்படி எழுதுவா? "பெரியவர்"னு எழுதினேன். ஆள் தெரியாத புட்டின்னு கொட்டிட்டாங்க. பதில் வராததால நோய் இல்லைன்னு நம்பிட்டேன்.

இப்போ அவர் படுத்த படுக்கை. டாக்டரம்மா சொன்னாங்க: "உடம்போட காவல் செல் காசநோய்க் கிருமியை விழுங்கிடும். செரிக்கலைன்னா, கிருமி அதுக்குள்ளேயே குடித்தனம் பண்ணும்." நானும் ஒரு பேரை அப்படித்தான் விழுங்கினேன்.

நம்ம பொண்ணு தினமும் தாத்தா மடியிலதான் தூங்கினா.

இன்னிக்கு இன்னொரு புட்டி கொடுத்தாங்க. அதுல பேர் எழுத எந்தத் தடையும் இல்லை. பெர்மெத்னு எழுதினேன்.

உங்க வீட்டுக்காரி